குழந்தைப் பாதுகாப்புப் பணியை எதை வைத்து அளப்பது? புகார் எண்ணிக்கை போதுமா?

#1 கோப்புக்காரி

வணக்கம். குழந்தைப் பாதுகாப்புத் துறையில் பல வருடங்களாகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். எங்கள் பகுதியில் சமூகநலம், காவல், மருத்துவமனை, பள்ளிக்கல்வி எல்லாத் துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறை தங்களைத் தாங்களே மதிப்பிட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எழுத்தில் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா? பொறுப்பு அலுவலர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? பணியாளர்கள் பயிற்சி முடித்தார்களா? புதிதாகச் சேர்ந்தவர்களின் பின்னணி விசாரிக்கப்பட்டதா? எல்லோரும் ஆம், ஆம், ஆம் என்று எழுதி அனுப்புவார்கள். தொகுத்துப் பார்த்தால் பக்கம் முழுக்கப் பச்சை, அதாவது எல்லாம் சரி.

இந்தக் கேள்விகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னணி விசாரிக்காமல் ஆள் எடுப்பது பேராபத்து. ஆனால் அந்தப் படிவத்தைக் கடைசி வரி வரை படித்தாலும், ஒரு குழந்தையாவது போன வருடத்தைவிடப் பத்திரமாக இருக்கிறதா என்பது தெரியாது.

இந்த முறை படிவத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. புகார் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது, புகார் வந்து எத்தனை நாளில் முதல் விசாரணை முடிந்தது, வழக்கு எவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டது என்ற மூன்றையும் சேர்க்கலாமா என்று யோசனை. துறையில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் சொல்லுங்கள்.

#2 எண்ணும்_எழுத்தும்

முதல் எண்ணை உடனே எடுத்துவிடுங்கள் தோழி. புகார் குறைந்தால் நல்ல மதிப்பெண் என்று எழுதி வைத்தால் புகார்தான் குறையும். குழந்தை மேல் விழும் அடி குறையாது.

2011இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. குழந்தைப் பருவப் பாலியல் கொடுமை பற்றி உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், மொத்தம் 217 வெளியீடுகள், அதில் அலசப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர் ஆம் என்றார்கள். மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர் போன்றவர்களுக்குத் தெரிய வந்ததை மட்டும் எண்ணிய ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 4. முப்பது மடங்குக்கு மேல் இடைவெளி. உங்கள் துறைக்கு வரும் புகார் அந்த 4 இருக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. அந்த 4 அடுத்த வருடம் 8 ஆனால் கொடுமை இரட்டிப்பாகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. இதுவரை வாயே திறக்காத சில பிள்ளைகள் பேசத் தொடங்கியிருக்கலாம். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. செய்தித்தாள் தலைப்புகளில் அந்த எச்சரிக்கை மட்டும் வருவதே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை அரச ஆணையம் ஒன்று விசாரித்தது. 8,000க்கும் மேற்பட்டவர்கள் தனி அமர்வுகளில் வந்து பேசினார்கள். தனக்கு நடந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஆன காலம் ஏறக்குறைய 24 ஆண்டுகள். அப்படியானால் இந்த ஆண்டு வந்த புகாரில் ஒரு பங்கு எப்போதோ நடந்த தோல்வியைக் காட்டுகிறது. சம்பவம் நடந்த ஆண்டையும் வெளியே சொல்லப்பட்ட ஆண்டையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். அது ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

புகாரை எண்ணத்தான் வேண்டும். ஆனால் யார் சொன்னார்கள் என்று பிரித்து எண்ணுங்கள்: குழந்தையே சொன்னதா, ஆசிரியரா, மருத்துவரா, பக்கத்து வீட்டுக்காரரா. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து வருடம் முழுக்க ஒரு தகவலும் வரவில்லையா? அங்கே பச்சை போடாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

#3 இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவுல நர்ஸ். மேலே சார் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

எங்க பக்கத்துல நடக்கிறதைச் சொல்றேன். கை முறிஞ்சு ஒரு குழந்தை வருது. கூட வந்தவங்க சொல்ற கதைக்கும் எக்ஸ்ரேக்கும் பொருந்தல. டாக்டர் சந்தேகம்னு எழுதுறார், நாங்க ஃபார்ம் நிரப்பி அனுப்புறோம். அதோட சரி. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போச்சா, வேற எங்கேயும் கொண்டுபோனாங்களா, யாராவது போய்ப் பார்த்தாங்களா, ஒரு வரிகூடத் திரும்பி வராது. ரெண்டு மூணு தடவை இப்படி ஆனதும் புதுசா வந்த டாக்டர்ங்க, "அனுப்பி என்ன சிஸ்டர் ஆகப்போகுது"ன்னு கேட்க ஆரம்பிச்சிடுறாங்க. அடுத்த ஃபார்ம் போகாது. உங்க கணக்குல புகார் குறைஞ்சிடும்.

அதனால என்னோட கோரிக்கை ஒண்ணுதான். தகவல் கொடுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்குள்ள பதில் போச்சுன்னு அளங்க. ரகசியம் எதையும் சொல்ல வேண்டாம். "பார்த்தோம், நடவடிக்கை எடுத்திருக்கோம்"னு ரெண்டு வரி போதும்.

#4 பழையகோப்பு

ஆய்வு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல மதிப்பெண் வாங்கிய அமைப்பு எப்படிக் குழந்தையைக் கைவிடும் என்பதற்குப் பொதுவெளியில் இருக்கும் விசாரணை அறிக்கைகளே பாடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, பொறுப்பேற்று வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்தாள். உடலில் 128 காயங்கள். யாருக்கும் தெரியாமல் நடந்த கொடுமை இல்லை அது. நான்கு உள்ளாட்சிகளின் சமூகநலப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள், இத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். லார்ட் லேமிங் விசாரணை 2003இல் அறிக்கை தந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 தருணங்களை அது ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியது. 108 பரிந்துரைகளைச் செய்தது. அதைத் தொடர்ந்து 2004இல் குழந்தைகள் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு துறையும் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றித் தன்னையே மதிப்பிட்டுப் படிவம் நிரப்பும் வழக்கம் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவையொட்டி வந்ததுதான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். விக்டோரியாவைக் கைவிட்ட உள்ளாட்சிகளில் ஒன்று ஹாரிங்கே. அதே ஹாரிங்கேயில் 2007 ஆகஸ்டில் 17 மாதக் குழந்தை ஒன்று வீட்டிலேயே கொல்லப்பட்டது. ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. எட்டு மாதங்களில் மருத்துவரும் சமூகப் பணியாளரும் மற்றவர்களுமாகச் சுமார் 60 முறை அதைப் பார்த்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஹாரிங்கேயின் குழந்தைகள் சேவைக்குக் கொடுத்த மதிப்பீடு "நன்று". பெரும்பாலும் உள்ளாட்சி அனுப்பிய தரவுகளையும் தாள்களையும் மேசையில் வைத்துப் பார்த்துச் செய்த மதிப்பீடு அது. வழக்கு வெளியே வெடித்த பிறகு, 2008 நவம்பரில் ஆய்வாளர்கள் நேரில் போய்க் கோப்புகளைப் புரட்டினார்கள். மிகக் கடுமையான குறைபாடுகள் என்று எழுதினார்கள்.

எண்ணிக்கைக்கே வராமல் போன குழந்தைகளும் உண்டு. இங்கிலாந்தின் ராதரம் நகரம் பற்றிப் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே 2014இல் தந்த அறிக்கைப்படி, 1997 முதல் 2013 வரை குறைந்தபட்சம் என்று கணக்கிட்டாலே சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள். எச்சரிக்கைகள் மேலே போகாமல் இல்லை. உள்ளே தயாரான அறிக்கைகள் ஒதுக்கப்பட்டன, சில நம்பப்படவே இல்லை. அந்தச் சிறுமிகளில் பலரைக் காவலர்கள் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவராகப் பதிவே ஆகாத பிள்ளை எந்தப் புள்ளிவிவரத்தில் வரும்?

ஆகவே கோப்புக்காரி அம்மா, தன்மதிப்பீட்டுப் படிவத்தோடு நிற்காதீர்கள். ஆண்டுக்குச் சில குழந்தைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அந்தக் குழந்தை தொடர்பாக எல்லாத் துறைகளிலும் இருக்கும் கோப்புகளை ஒரே மேசையில் விரியுங்கள். முதல் எச்சரிக்கை எந்தத் தேதியில் யாருக்குத் தெரிந்தது, அடுத்தவருக்கு எப்போது போனது, எவ்வளவு காலம் யாரும் எதுவும் செய்யாமல் கிடந்தது என்று தேதி வாரியாக எழுதுங்கள். இங்கிலாந்தில் 2016 முதல் காவல், மருத்துவம், சமூகநலம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்தே போய் இப்படிக் குழந்தையின் வழித்தடத்தைத் தொடர்கிறார்கள். ஒரே ஒரு கோப்பைச் சரியாகத் தொடர்ந்தால், நூறு "ஆம்"கள் சொல்லாததை அது சொல்லும்.

#5 நேர்கோடு

மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் நிதிப் பக்கம் இருப்பவன். கோப்பைத் தொடர்வது அருமையான யோசனை, ஆனால் அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. "ஒரு குழந்தையின் கதை" என்று போனால் உருகிக் கேட்பார்கள், ஒதுக்கீட்டில் ஒரு காசு ஏறாது. சமூகப் பணியாளர் ஒருவர் கையில் சராசரியாக எத்தனை குழந்தைகள், எத்தனை இடம் காலி, புகார் வந்து எத்தனை நாளில் ஆள் போனார், இவை எண்ணாக இருந்தால்தான் கேட்கவும் முடியும், கேள்வி கேட்கப்படும்போது பதில் சொல்லவும் முடியும். நாள் கணக்கையும் எடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். காலக்கெடு இல்லாத இடத்தில் கோப்பு நகராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

#6 பழையகோப்பு

நேர்கோடு சார், உங்களோடு முக்கால்வாசி உடன்படுகிறேன். பணிச்சுமை எண் கட்டாயம் வேண்டும். ஒருவர் தலையில் நாற்பது குழந்தைகளைக் கட்டிவிட்டு அவருடைய விசாரணையின் தரத்தை அளப்பது அநியாயம்.

நாள் கணக்கில்தான் எனக்குத் தயக்கம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முதல்நிலை மதிப்பீடு 10 வேலை நாளில், விரிவான மதிப்பீடு 35 வேலை நாளில் முடிய வேண்டும் என்று இருந்தது. பேராசிரியர் ஐலீன் மன்றோ 2011இல் தந்த அறிக்கை இதை விரிவாக அலசியது. கெடு தப்பக்கூடாது, படிவம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதிலேயே பணியாளர்களின் நேரமும் கவனமும் போய், குழந்தையோடும் குடும்பத்தோடும் உட்காரும் நேரம் சுருங்கிவிட்டது என்றது. 2013இல் அந்த இரட்டைக் கெடுவை எடுத்துவிட்டு, அதிகபட்சம் 45 வேலை நாள் என்று ஒரே மதிப்பீடாக்கினார்கள். கெடு முழுக்கப் போகவில்லை, கவனியுங்கள்.

என் அனுபவத்தில் ஒரு கேள்வி போதும்: அந்த நாளுக்குள் யாராவது குழந்தையைக் கண்ணால் பார்த்துத் தனியாகப் பேசினார்களா? கோப்பில் "வீட்டுக்குச் சென்றோம்" என்று இருக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, பாட்டி வீட்டுக்குப் போயிருந்தது என்று அடுத்த வரியில் இருக்கும். கெடுவுக்குள் போனதாக டிக் விழுந்திருக்கும். நாள் கணக்கை அளந்துகொள்ளுங்கள், ஆனால் குழந்தையைப் பார்க்கும் வரை அந்தக் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.

#7 வளர்ந்தபிள்ளை

நான் எந்தத் துறையும் இல்லை. ஏழு வயதிலிருந்து காப்பகத்தில் வளர்ந்தவன். இங்கே பேசப்படும் கோப்புகளில் ஒன்று என்னுடையது, அவ்வளவுதான் தகுதி.

எங்கள் இல்லத்துக்கு ஆய்வுக்கு வருவார்கள். முதல் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் பூட்டியிருக்கும் விளையாட்டு அறை திறக்கப்படும், புதுப் போர்வை வரும். வருகிறவர் எங்களை வரிசையாக உட்காரவைத்து, "சாப்பாடு நல்லா இருக்கா? யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்பார். வார்டன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். நாங்கள் நல்லா இருக்கு சார், இல்ல சார் என்போம். "குழந்தைகளின் கருத்து கேட்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள் என்று இப்போது புரிகிறது.

என்னிடம் கேட்டிருக்க வேண்டியவை வேறு. உனக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்வாய், பெயர் சொல் என்று கேட்டிருக்கலாம். என்னால் ஒரு பெயரும் சொல்லியிருக்க முடியாது. அதுவே பதில். போன தடவை நீ சொன்னதற்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். உன்னைப் பார்க்க வரும் பணியாளர் எத்தனை தடவை மாறினார் என்று கேட்டிருக்கலாம். ஒவ்வொரு புது ஆளும் வந்ததும் என் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில், கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து அதை மட்டும் சொல்லப் பழகிவிட்டேன்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு எங்கள் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 1989இலிருந்து இருக்கிறது. உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தால் போதாது. யார் கேட்டார், எங்கே வைத்துக் கேட்டார், கூட யார் இருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.

#8 எண்ணும்_எழுத்தும்

#7ஐ எழுதிய தம்பிக்கு நன்றி. நீங்கள் சொன்ன "கதையை முதலிலிருந்து" என்பதை எண்ணாகவே அளக்கலாம். ஐஸ்லாந்தில் 1998இல் பர்னாஹுஸ் என்ற முறையைத் தொடங்கினார்கள். குழந்தை வந்து பேசும் இடம் ஒன்றே. பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் அதனோடு பேசுவார், காவல்துறையும் நீதித்துறையும் குழந்தைகள் நலத் துறையும் வேறு அறையிலிருந்து அதைப் பார்ப்பார்கள், மருத்துவப் பரிசோதனையும் மனநல உதவியும் அதே கட்டடத்தில். பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அது பரவியது. முதல் தகவலிலிருந்து வழக்கு முடியும் வரை ஒரு குழந்தை நடந்ததை எத்தனை பேரிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது? இந்த எண் குறைவதற்குத் தாராளமாகப் பச்சை போடலாம்.

கோப்புக்காரி, உங்கள் மூன்றாவது எண்ணான "எவ்வளவு சீக்கிரம் வழக்கு மூடப்பட்டது" என்பதையும் மாற்ற வேண்டும். மூடிய கோப்பு திரும்பத் திறந்ததா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் தகவல்கள் வருகின்றன. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, 12 மாதத்துக்குள் ஏற்கெனவே தகவல் வந்த அதே குழந்தையைப் பற்றியது. அமெரிக்காவில் மாநிலங்களை ஒப்பிடும் மத்திய ஆய்வில், கொடுமைக்கு உள்ளானது உறுதியான குழந்தை 12 மாதத்துக்குள் மறுபடி உள்ளானதா என்பது ஓர் அளவுகோல். அரசின் பராமரிப்பில் இருக்கும்போதே கொடுமை நடந்தால் அதை ஒரு லட்சம் பராமரிப்பு நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். இது முக்கியம், ஏனென்றால் நூறு பிள்ளைகள் ஒரு மாதம் இருந்த இல்லத்தையும் பத்துப் பிள்ளைகள் மூன்று வருடம் இருந்த இல்லத்தையும் தலை எண்ணிக்கையால் ஒப்பிட முடியாது.

மறுபுகாரிலும் ஒரு எச்சரிக்கை. அது பூஜ்யமானால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது முறை வந்ததைப் பதியாமல் விட்டாலும் பூஜ்யம்தான் வரும். #3இல் சொன்ன பதில் விகிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

குழந்தை மரணங்களைப் பகுதிவாரியாகத் தரவரிசைப்படுத்தாதீர்கள், தயவுசெய்து. ஒரு சிறு பகுதியில் போன வருடம் ஒன்று, இந்த வருடம் மூன்று என்றால் புள்ளியியலில் அதிலிருந்து எதுவும் நிரூபணமாகாது. ஒவ்வொரு மரணமும் தனியாக, முழுமையாக விசாரிக்கப்பட வேண்டியது. எண்ணாக வேண்டுமென்றால் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

#9 வகுப்பாசிரியை

ஒன்று விட்டுப்போனது. இதுவரை பேசியதெல்லாம் துறையின் கண்ணில் பட்ட குழந்தைகள். என் வகுப்பில் திடீரென்று வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றி யார் கணக்கு வைப்பது? குடும்பம் இடம் மாறிவிட்டது என்பார்கள், பெயரை அடித்துவிடுவோம். வேறு பள்ளியில் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. #4இல் சொன்ன விக்டோரியாவும் இங்கிலாந்தில் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவே இல்லை. தினமும் அவளைப் பார்த்திருக்கக்கூடிய ஒரு ஆசிரியர்கூட அவள் வாழ்க்கையில் இல்லாமல் போனார். பெயர் நீக்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த பள்ளியில் சேர்ந்தது உறுதியாயிற்று என்று எங்களையும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவோம். பரவாயில்லை, கேளுங்கள்.

#10 கோப்புக்காரி

எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து வரைவை மாற்றி எழுதினேன். புகார் எண்ணிக்கை இருக்கிறது, ஆனால் யார் சொன்னது, எப்போது நடந்தது என்று பிரித்து. கூடினால் நல்லதா கெட்டதா என்று நிறம் எதுவும் இல்லாமல். முதல் விசாரணைக் கடிகாரம் குழந்தையைத் தனியாகப் பார்த்துப் பேசிய பிறகே நிற்கும். தகவல் தந்தவருக்குப் பதில், 12 மாதத்தில் மறுபுகார், பணியாளர் எத்தனை தடவை மாறினார், பிள்ளை எத்தனை பேரிடம் திரும்பச் சொன்னது, பள்ளியிலிருந்து காணாமல்போன பெயர்கள், பணிச்சுமை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கோப்புத் தொடர்வதற்கு எல்லாத் துறைகளும் சம்மதிக்க வேண்டும். அதற்குத்தான் பெரிய சண்டை காத்திருக்கிறது, போட்டுத்தான் ஆக வேண்டும். பிள்ளைகளிடம் கேட்கப் போகிறவர் இல்லத்துக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், தம்பி.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் குடைகிறது. பேசத் தெரிந்த பிள்ளையிடம் கேட்கலாம். பேச்சு வராத கைக்குழந்தைகளை எப்படி அளப்பது? பள்ளியிலும் இருக்க மாட்டார்கள், ஹெல்ப்லைனுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

#11 இரவுப்பணி

அவங்களுக்கு உடம்புதான் பேசும் அக்கா. கடுமையான சம்பவங்களை ஆராய்ஞ்ச இங்கிலாந்து அறிக்கைகள்ல மத்த வயசுக்காரங்களைவிட ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்கதான் அதிகம். அதனால இவங்களுக்குத் தனிப் பக்கமே வேணும்.

நீங்க எடுத்துக்க வேண்டியது கன்றல், அதாவது ரத்தம் கட்டி நீலமாகிப்போன இடம். தானா நகரத் தெரியாத குழந்தைக்குத் தானா அடிபட வழி ரொம்பக் குறைவு. 1999ல வந்த ஒரு ஆய்வுல, வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைங்கள்ல நூத்துக்கு ஒருத்தருக்குக்கூடக் கன்றல் இல்ல, 0.6 சதவீதம்தான். பிடிச்சுக்கிட்டு நடக்கிற வயசுல அது சகஜம். அதனால தவழாத குழந்தை உடம்புல சின்னதா ஒரு கன்றல் இருந்தாலும் அது பெரிய சேதி. இடம் முக்கியம்: காது, கழுத்து, வயிறு, பிட்டம்னா இன்னும் கவனம். ரத்தம் உறையாத நோய் மாதிரி வேற காரணமும் இருக்கலாம், அதையும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். பெத்தவங்களை உடனே குத்தவாளியாக்குறதுக்கு இல்ல இது.

படிவத்துல இப்படிக் கேளுங்க: இந்த வருஷம் நகரத் தெரியாத வயசுல கன்றலோட எத்தனை குழந்தைங்க வந்தாங்க? அதுல எத்தனை பேரைத் துணியெல்லாம் கழட்டி முழுசா, குழந்தை மருத்துவரே அன்னைக்கே பார்த்தார்? வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சமூகநலத் துறைக்கு எத்தனை பேரைப் பத்தி போன் போச்சு? மூணும் கேஸ் ஷீட்லயே இருக்கு. ஆள் வெச்சு எடுக்கச் சொன்னா எங்க வார்டுல நானே எடுத்துத் தர்றேன்.